இமையோரத்து மஞ்சள்

என் பிரியமுள்ள மாப்ளே பவுன்ராசுக்கு,

நீ போய்ப் பதினாலு வருடம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாதவன் இப்போது எழுதுகிறேன் என்றால், உன் மகன் முருகேசன் விஷயம்தான். பதறாதே, நன்றாகத்தான் இருக்கிறான்.

போடியில் அதே இடத்தில்தான் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். இரண்டு மாதம் முந்தி உன் பெண்டாட்டி, அதுதான் என் தங்கச்சி, முருகேசனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சின்னமனூரில் பெண் பார்த்திருக்கிறார்கள், மாப்பிள்ளை போட்டோ கேட்கிறார்களாம். விளக்கைப் போட்டு அவன் முகத்தைத் திருப்பினேன். இரண்டு கண்ணிலும் மேல் இமையில், மூக்கை ஒட்டின ஓரத்தில், பருப்பை ஒட்டவைத்தது போல மஞ்சளாகத் தடிப்பு.

உனக்கும் அதே இடத்தில்தானே இருந்தது? வலிக்காது, அரிக்காது. "இது வந்த பெறகுதான் மச்சான் ஏலக்கா யாவாரம் சூடு பிடிச்சிருக்கு" என்பாய். ஆனால் வியாபாரிகள் சங்கத்துக்குப் படம் எடுத்தபோது அதைக் காட்ட வேண்டாம் என்றாய். நெகட்டிவில் பிளேடு முனையால் சுரண்டி எடுத்தேன். பத்து வயது குறைந்து தெரிந்தாய். அந்தக் கைவேலையில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அந்த வருடமே, பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைக்கு வருவதற்குள் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். கொஞ்சம் நின்றால் சரியாகிவிடும். மேடு ஏறினால் நெஞ்சை அடைக்கும். வாயு என்று ஓமத்தண்ணி குடித்தோம். துணைக்கு நானும் குடித்தேன். அந்த மஞ்சளும் இந்த வலியும் ரத்தக் கொழுப்பால் வரலாம் என்று, வெகுநாள் கழித்துப் படம் எடுக்க வந்த ஒரு டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கொழுப்பு தொப்பைக்காரனுக்குத்தான் என்று நமக்கு யார் சொன்னது? நீயோ ஒட்டடைக்குச்சி. நாற்பத்திரண்டு வயதில், குரங்கணிக்கு மேலே தோட்டத்துக்கு நடந்து போனவனைப் பிணமாகக் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள்.

"படம் கெடக்கட்டும். மொதல்ல மதுரைக்குப் போயி ரத்தம் பாப்போம்" என்றேன். தங்கச்சி பிடித்துக்கொண்டாள்.

"ஏண்ணே, வெள்ளிக்கிழமை பொண்ணு வீட்டாக வாராக. நெஞ்சு நோவுக்காரன் மகன்னு ஊருக்கே தமுக்கடிக்கப் போறியா? அவுகளுக்குச் சுரண்டுன கையி எம்பிள்ளைக்குச் சுரண்டாதா?"

"அவனுக்குச் சுரண்டுனதுதான் ஆத்தா நான் செஞ்ச பாவம்" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

முருகேசன்தான், "வாங்க மாமா, போயிட்டு வந்துருவோம்" என்று எழுந்தான்.

மறுநாள் வெறும் வயிற்றோடு முதல் பஸ் ஏறினோம். டாக்டர் கண்ணைப் பார்த்தார். குதிகாலுக்கு மேலே நரம்பைத் தடவினார், அங்கேயும் தடிப்பு. ரத்தத்தில் கொழுப்பு எக்கச்சக்கம் என்று பிறகு தெரிந்தது. "இவங்களுக்குப் பரம்பரையா வந்திருக்கு. மஞ்சள் இருக்கிற எல்லாருக்கும் கொழுப்பு இருக்கும்னு இல்ல. கொழுப்பு இருக்கிற நெறையப் பேருக்கு வெளிய ஒரு அடையாளமும் தெரியாது. ரத்தம் பாத்தாத்தான் உண்டு" என்றார். கூடப்பிறந்தவர்களையும் கூட்டிவரச் சொன்னார். இவனுக்கு மாத்திரை எழுதினார், பீடியை விடச் சொன்னார். பீடி பிடிப்பான் என்பதே எனக்கு அங்கேதான் தெரியும்.

பெண் வீட்டாரிடம் முருகேசனே போய் உள்ளதைச் சொன்னான். யோசித்துச் சொல்கிறோம் என்றவர்கள் இன்னும் யோசிக்கிறார்கள். தங்கச்சி என்னோடு பேச்சை நிறுத்தினாள். கொழுப்புச் சங்கதி சின்ன மகளுக்கும் இருக்கலாம் என்று ஆள் விட்டுச் சொன்னேன். அவள் கூட்டிவரவில்லை. பெண் பிள்ளை, கட்டிக்கொடுக்க வேண்டியவள். பெற்றவள் பயம் எனக்குப் புரியாதா?

நேற்றுக் காலை கடையைத் திறக்கப் போனால், வாசலில் தங்கச்சி நிற்கிறாள். பக்கத்தில் செல்வி, நீ நாலு வயதில் விட்டுப்போனவள். முகத்தில் ஒரு புள்ளி கிடையாது, பளிச்சென்று இருக்கிறாள்.

"நேத்து ராச்சோறுக்குப் பெறகு ஒண்ணும் குடுக்கலண்ணே. இவளையும் கூட்டிட்டுப் போ" என்றாள்.

போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். புதன்கிழமை முடிவு தெரியும். என்ன வந்தாலும் சரி, மாப்ளே. அவளிடம் மறைக்காமல் சொல்வேன், அவள் கல்யாணப் பேச்சிலும் மறைக்க மாட்டேன். வருடா வருடம் இரண்டு பேரையும் நானே கூட்டிப்போவேன்.

உன் பிள்ளைகளின் தாய்மாமன்,
உன் மச்சான் சின்னச்சாமி