நாற்று உதாரணம்

9 ஜூலை 1963, குற்றாலம்

சேர்க்கையின்போது பால்வண்ணநாதன் கேட்டார்: “ரிட்டையர் ஆன பிறகு எதுக்கு டீச்சர் இந்தப் படிப்பு?” எங்கள் மனநல ஆலோசனைப் பட்டமேற்படிப்பின் தலைவர் அவர், என் மகன் வயது. “முப்பது வருஷம் பிள்ளைகளைத் தேற்றியிருக்கிறேன். முறையாகக் கற்க ஆசை” என்றேன்.

இன்று தென்காசியில், பயிற்சிக்குப் போகும் ஆஸ்பத்திரியில், மூக்கம்மாளை நான்காம் முறை சந்தித்தேன். போன மாதம் கைக்குழந்தையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். அழுகை ஓயவில்லை. நாற்றைப் பிடுங்கி நட்டால் மூன்று நாள் வாடும், பிறகு வேர் பிடித்துப் பச்சை கட்டும் என்று சொன்னேன். வயலில் பாடுபடுகிறவளுக்கு வயல் உதாரணம்தானே பொருத்தம்?

“புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது டீச்சர்.”

அழுகை நின்றது. அறிக்கையில் ‘நல்ல முன்னேற்றம்’ என்று எழுதினேன்.

11 ஜூலை

சாரல். துணி காயவில்லை.

12 ஜூலை

மூக்கம்மாள் கிணற்றில் குதித்துவிட்டாள். வெளியே தூக்கிவிட்டார்கள். மூச்சு இருக்கிறதாம். ஐயோ, என்ன செஞ்சேன்? என்ன செஞ்சேன்னே தெரியலையே —

13 ஜூலை

வார்டு வாசலில் அவள் புருஷன் மந்திரமூர்த்தி மறித்தான். “அழுதுக்கிட்டாவது கெடந்தா. நீங்க என்னத்தச் சொன்னீகளோ, அதுக்கப்புறம் வாயே தெறக்கல. இன்னும் என்ன பாடம் பாக்கி?”

திரும்பி வந்து புடவைகளைப் பெட்டியில் அடுக்கினேன். விலகல் கடிதத்தைப் பால்வண்ணநாதன் வாங்கவில்லை. “போறதுன்னா போங்க. ஏன்னு அவகிட்டக் கேக்காமப் போகாதீங்க.”

16 ஜூலை

கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அன்னைக்கு நடவுக்குப் போயிருந்தேன் டீச்சர். சாயங்காலம் வந்து புள்ளயத் தொட்டா கொதிக்குது. நான் போகாம இருந்தா புள்ள பொழச்சிருக்கும். நீங்க நாத்தைச் சொன்னதும், எல்லாம் தெரிஞ்சுதான் குத்திக்காட்டுதீகன்னு நெனச்சேன்.”

“அப்புறம் ஏம்மா புரிஞ்சுதுன்னே?”

“டீச்சர் கேட்டா வேற என்ன சொல்ல?”

முப்பது வருஷம். எத்தனை பிள்ளைகள் எனக்காகத் தலையாட்டினார்களோ.

17 ஜூலை

எழுத முடியவில்லை.

29 ஜூலை

நான் படிப்பை விட்டுப் போகவில்லை. இன்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்று உதாரணங்கள் நாக்கு நுனிவரை வந்தன. விழுங்கினேன். “பிள்ளைக்கு என்ன பேரு?” என்று மட்டும் கேட்டேன். இத்தனை நாளில் கேட்டதே இல்லை.

“குழல்வாய்மொழி. குழலுன்னு கூப்பிடுவோம். ரெண்டு பல்லுதான். அதை வச்சிக்கிட்டு என்னமாக் கடிப்பாங்கீக!” தோளைத் தொட்டுக் காட்டினாள். சிரித்தாள். பிறகு வார்டே திரும்பிப் பார்க்க அலறி அழுதாள். ஓடி வந்த மந்திரமூர்த்தி, என்னை ஒன்றும் சொல்லாமல் அவள் காலடியில் உட்கார்ந்தான்.

துக்கத்தில் இருப்பவரைப் பார்க்கப் போனால், இறந்தவரின் பெயரைக் கேள். பிறகு பேசாமல் உட்கார்.