அந்தப் பூதத் தலையைச் செய்தவள் நான்

அனுப்புநர்
சுசீலா ரகுநாதன்,
செயலாளர், மேடைத் தோழர்கள் நாடகக் குழு,
பர் துபாய், ஐக்கிய அரபு அமீரகம்.

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
அயலகத் தமிழர் நல ஆணையரகம்,
சென்னை.

பொருள்: இராமநாதபுரம் மாவட்டம், முதுகுளத்தூர் வட்டத்தைச் சேர்ந்த சாரம் கட்டும் தொழிலாளி திரு. பாண்டித்துரை மாந்திரீகம் செய்ததாக ஷார்ஜாவில் காவலில் இருப்பது – அவரிடமிருந்து கைப்பற்றப்பட்டது எங்கள் நாடகத்துக்காக நான் செய்த பூதத் தலை என்பது – திங்கட்கிழமை அவர் கையெழுத்திடும் முன் சட்ட உதவி வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வரும் திங்கட்கிழமை காலை, ஒருவர் தமக்குப் படிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்துப் போடப் போகிறார். போட்டுவிட்டால் அவர் சூனியக்காரர் என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். அவர் சூனியக்காரர் அல்ல. எங்கள் நாடகத்தில் பூதமாக நடித்தவர். நடந்ததைக் கீழே வரிசையாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

1. எங்கள் குழு, வேலை முடிந்து வந்து நாடகம் போடுகிறவர்களின் குழு. கணக்கு எழுதுகிறவர்கள், ஆசிரியைகள், ஒரு பல் மருத்துவர், ஷார்ஜாவின் முவைலா கேம்பிலிருந்து வரும் சில தொழிலாளர்கள் என்று கலந்து இருக்கிறோம். என் கணவர் திரு. ரகுநாதன் தலைவர். நான் செயலாளர். செயலாளர் என்றால் உடை தைப்பதும் திரை கட்டுவதும் ஒத்திகைக்கு டீ போடுவதும் சேர்த்துத்தான். ஆண்டுக்கு ஒருமுறை குழந்தைகளுக்காக ஒரு வேடிக்கை நாடகம் போடுவோம்.

2. இந்த ஆண்டு போட்டது 'வயிறு சரியில்லாத பூதம்'. குழந்தைகளைத் தின்ன வரும் பூதத்துக்கு வயிற்று வலி வந்துவிடுகிறது. ரசம் குடிக்க மறுத்து ஊரெல்லாம் ஓடுகிறது. பூதம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்கிற பிள்ளைகள்தான் கத்திக் காட்டிக் கொடுக்க வேண்டும். பூதத்துக்கு வசனமே கிடையாது, எல்லாம் சைகைதான். அந்த வேடத்தில் நடித்தவர் பாண்டித்துரை. மேடைச் சாமான் இறக்க வந்தவர், ஒத்திகையில் மரப்பெட்டியோடு இடறி விழுந்த விதத்தைப் பார்த்துக் குழந்தைகள் இன்னொரு தடவை விழச் சொன்னார்கள். அன்றே பூதம் அவர்தான் என்று முடிவாகிவிட்டது. அடக்கமானவர் என்று சொல்ல மாட்டேன். தும்மல் காட்சியை நான் வெட்டியதற்காக ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நாடகத்தன்று என்னைக் கேட்காமலே தும்மினார். கூடம் அதிர்ந்தது.

3. பூதத்தின் தலையை என் கையால் செய்தேன். தெர்மாகோல் உருண்டை மேல் காகிதக்கூழ், அதிலேயே இரண்டு கொம்பு, அதன் மேல் பச்சைப் பெயின்ட், பழைய சிவப்பு ரவிக்கைத் துணியில் நாக்கு. சடைக்கு மட்டும் நூல் சரியாக வரவில்லை என்று, முவைலாவில் ஒரு சலூனில் கேட்டு, வெட்டிப் போட்ட தலைமயிரை ஒரு பை நிறைய வாங்கி வந்து ஒட்டினேன். பார்க்கத் தத்ரூபமாக இருந்தது. அதற்காக அப்போது பெருமைப்பட்டேன். இப்போது அந்த மயிரைத்தான் முக்கியச் சான்றாக வைத்து, இது யாருடைய தலைமயிர் என்று கேட்கிறார்கள்.

4. இனி எழுதுவது குழுவுக்குப் பிடிக்காத விஷயம். பொது நிகழ்ச்சி நடத்த இங்கே அனுமதி வாங்க வேண்டும். நாங்கள் வாங்கவில்லை. நம்ம ஆட்கள்தானே, எதற்கு அலைச்சல் என்று ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது உணவகத்தின் மேல்மாடிக் கூடத்தைப் பிறந்த நாள் விழா என்று சொல்லிப் பிடிப்பது எங்கள் வழக்கம். இந்த முறை எங்கள் மகன் அக்ஷயின் பிறந்த நாள் என்று பதிவு செய்தோம். அக்ஷய் கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறான். அவன் பிறந்தது சித்திரையில். சந்தேகம் வராமல் இருக்கக் கேக்கும் வெட்டினோம். ஆகவே, காகிதத்தைப் பார்த்தால் அன்று பிறந்த நாள் விழாதான் நடந்தது. நாடகம் நடக்கவே இல்லை.

5. நாடகம் முடிந்ததும் தலையை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. எங்கள் ஃப்ளாட்டில் இடமில்லை என்று என் கணவர் சொன்னார். இடம் இருந்தது. பாண்டித்துரை தாமாகவே கேட்டு, தம் ரூமுக்கு எடுத்துப் போனார். கட்டிலுக்கு மேலே மாட்டி வைத்திருந்ததாக அவருடைய அறைத்தோழர் திரு. முனியசாமி சொன்னார்.

6. சென்ற வாரம் அவர்கள் வேலை செய்யும் சைட்டில் சாரப் பலகை ஒன்று நழுவி விழுந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் கீழே நின்றிருந்தவர் முனியசாமி. ஓரடி தள்ளி நின்றிருந்தால் இந்த மனுவில் அவர் பெயரை வேறு விதமாக எழுத வேண்டியிருந்திருக்கும். கட்டடத்துக்குக் கண் பட்டுவிட்டது என்று நம்மவர்கள் பேசிக்கொண்டார்கள். நம் ஊரில் கட்டி முடியாத வீடு எதிலும் கண் திருஷ்டிக்கு ஒரு பூத முகம் தொங்குவதைத் தாங்கள் அறிவீர்கள். அதைக் கண்டு யாரும் காவல் நிலையத்துக்கு ஓடுவதில்லை. மறுநாள் காலை டூட்டி தொடங்கும் முன், பாண்டித்துரை என் பூதத் தலையை மூன்றாம் மாடிச் சாரத்தில், தெருவைப் பார்க்க, எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்த கயிறோடு கட்டிவிட்டார். குங்குமமும் வைத்திருக்கிறார். கூட்டாளி சாகாமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவர் மனதில் வேறொன்றும் இல்லை.

7. விடிந்ததும் மற்ற நாட்டுத் தொழிலாளர்கள் அதைப் பார்த்துவிட்டு மேலே ஏற மறுத்தார்கள். ஒருவர் வீடியோ எடுத்தார். மதியத்துக்குள் அது பல கைபேசிகளுக்குப் போய்விட்டது. மாந்திரீகம் இந்நாட்டில் சட்டப்படி குற்றம். காவல்துறை மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. கொம்பும் மனித மயிரும் குங்குமமுமாக ஒரு தலை தொங்கினால், செய்தவள் நானாக இல்லாதபட்சத்தில் நானும் பயந்துதான் போயிருப்பேன்.

8. போலீஸ் வருவதற்குள் பாண்டித்துரை சைட்டிலிருந்து என் கணவருக்கு போன் செய்தார். அன்று விடுமுறை எடுத்து வீட்டில் இருந்தவர், ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். இருவர் பேசியதையும் கேட்டேன். சாட்சியாக அப்படியே எழுதுகிறேன்.

என் கணவர்: "நம்ம குழு பேரு மட்டும் வெளியில வரக் கூடாது, பாண்டி. நாங்க வெளியில இருந்தாத்தான் உன்னை எடுக்க முடியும்."

பாண்டித்துரை: "சரிண்ணே. தல என்னோடதுன்னே சொல்லிக்கிறேன். அக்காவ பயப்படாம இருக்கச் சொல்லுங்க."

சொன்னபடியே இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரை எடுக்க எங்கள் குழுவிலிருந்து யாரும் போகவில்லை. மாறாக, நாடகப் படங்கள் அனைத்தையும் உடனே அழிக்கும்படி குழுவின் வாட்ஸ்அப்பில் தகவல் வந்தது. எல்லோரும் அழித்தார்கள். நான் அழிக்கவில்லை. தும்மல் காட்சி உட்பட முழு நாடகமும் என் கைபேசியில் இருக்கிறது.

9. குழு உறுப்பினர் திரு. நெய்னா முகம்மது கீழக்கரைக்காரர். பர் துபாயில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கிறார். அரபி நன்கு அறிந்தவர். இது நாடகப் பொருள் என்று குழுத் தலைவர் ஒரு கடிதம் கொடுத்தால் விசாரணையின் போக்கே மாறும் என்று விசாரித்துச் சொன்னார். கடிதத்தை அவரே அரபியில் அடித்தும் கொண்டுவந்தார். கையெழுத்துக்கான இடம் மட்டும் காலி. அனுமதியில்லாமல் நாடகம் போட்டதை ஒப்புக்கொண்டால் வேலை போகும், மகன் படிப்பு நின்றுவிடும் என்று சொல்லி என் கணவர் கையெழுத்திட மறுத்துவிட்டார். அவருடைய பயம் பொய்யில்லை. இந்த ஊரில் வேலை போனால் வீடும் போகும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கடிதத்தின் மேல் பேப்பர் வெயிட்டை வைத்துவிட்டு அவர் தூங்கப் போனதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அதன்பின் எங்கள் வீட்டில் தேவைக்கு மேல் யாரும் பேசுவதில்லை.

10. இதற்கிடையே, பாண்டித்துரை வேலை செய்யும் நிறுவனத்தின் ஆள் ஒருவர் அரபியில் ஒரு தாள் தயாரித்திருக்கிறார். பாண்டித்துரை தம் சொந்த நம்பிக்கையின்படி இதைச் செய்ததாகவும் வேறு எவருக்கும் தொடர்பில்லை என்றும் அதில் இருப்பதாக முனியசாமிக்குத் தெரியவந்தது. திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அது வாக்குமூலம், அதை வைத்துத் தண்டனையும் வரலாம் என்று அவரிடம் உட்கார்ந்து விளக்க ஆளில்லை. காவல் நிலையத்துக்குப் போன முனியசாமி, கையெழுத்துப் போடாதே என்று எட்ட நின்று கத்திச் சொன்னாராம். "நம்மளால அக்கா வீட்டுக்குக் கேடு வேணாம்டா, நான் போட்டுர்றேன்" என்று இவர் பதில் சொன்னாராம்.

11. அவர் மனைவி கனகா நேற்று எனக்கு போன் செய்தார். நாடகத்தன்று நான்தான் அவரைக் கூப்பிட்டு, உங்கள் வீட்டுக்காரர் கூடத்தையே சிரிக்க வைத்துவிட்டார் என்று சொல்லியிருந்தேன். "நீங்கதானேக்கா சொன்னீக, பிள்ளைக எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சதுன்னு. அப்புறம் எதுக்கு அவர புடிச்சு வச்சிருக்காக?" என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. விசாரிக்க என்ன இருக்கிறது, எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

12. ஆகவே தாங்கள் இந்தியத் துணைத் தூதரகத்தோடு உடனே பேசி, திங்கட்கிழமைக்கு முன்பாகப் பாண்டித்துரைக்கு ஒரு வழக்கறிஞரும் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளரும் கிடைக்கச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். படித்துக் காட்டாத எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம் என்று யாராவது ஒரு அதிகாரி அவரிடம் நேரில் சொல்ல வேண்டும். என் பெயரைச் சொல்லலாம், நானே சொல்லச் சொன்னேன் என்றும் தெரிவிக்க வேண்டும். விசாரணை முடியும்வரை அவர் விசாவை நிறுவனம் ரத்து செய்யாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊரில் கனகாவை யாரேனும் சென்று பார்த்தால் நன்றாயிருக்கும்.

13. திங்கட்கிழமை காலை நான் நெய்னா முகம்மதுவோடு அந்தக் காவல் நிலையத்துக்குப் போகிறேன். தலை செய்த தெர்மாகோல் அச்சு, மீதமிருந்த மயிர்ப் பை, வீடியோ எல்லாவற்றையும் எடுத்துச் செல்வேன். அனுமதியில்லாமல் நாடகம் போட்டதையும் சொல்வேன். என் விசா என் கணவரின் ஸ்பான்சரில் இருக்கிறது. ஆகவே இதன் விளைவு என்னோடு நிற்காது. தெரிந்துதான் போகிறேன்.

14. குழுத் தலைவர் மீது எனக்குப் புகார் ஏதுமில்லை என்று ஒரு வரி சேர்க்க நினைத்தேன். மனைவி எழுதும் மனுவில் அதுதான் முறை. எழுதியும் பார்த்தேன். திருப்பிப் படித்தபோது பொய்யாக இருந்ததால் அடித்துவிட்டேன். அவர் மீதும் எனக்குப் புகார் உண்டு. அதையும் சேர்த்தே இந்த மனுவை ஏற்று, ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்.

இடம்: பர் துபாய்
நாள்: 22.11.2025

இப்படிக்கு,
(ஒப்பம்)
சுசீலா

இணைப்பு: நாடக வீடியோ, என் கடவுச்சீட்டு நகல், தலைவர் கையொப்பமிடாத அரபிக் கடிதம்.

நகல்:
1. இந்தியத் துணைத் தூதரகம், துபாய்.
2. திரு. ரகுநாதன், தலைவர், மேடைத் தோழர்கள் நாடகக் குழு – அனுப்புநரின் அதே முகவரி.