அண்ணன் கம்ப்யூட்டரில் என் பெயர்

12 நவம்பர் 1998, வியாழன்

பாகம் பிரித்து அச்சகம் அண்ணன் பங்குக்குப் போன பிறகு இன்றுதான் அதற்குள் காலடி வைத்தேன். அண்ணனே ஆள் அனுப்பியிருந்தார். கம்ப்யூட்டர் கிளம்பவில்லையாம், கண்டனூர்க் கல்யாணப் பத்திரிகை உள்ளே மாட்டிக்கொண்டதாம்.

"என்ன செஞ்சீக?" என்று கேட்டேன்.

மதினிதான் சொன்னார்: "எங்குட்டுத் தொறந்தாலும் சேவியர் சேவியர்னு ஒங்க பேருதான் வருது. எங்க பங்குக்கு வந்த பொருள்ல எதுக்குன்னு, தேடித் தேடி அழிச்சாக."

பங்கில் வந்த அண்டாவில் பழைய பெயரைச் சுரண்டுவார்களே, அப்படி ரிஜிஸ்ட்ரியைச் சுரண்டியிருக்கிறார். எது எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் தனக்காகக் குறித்து வைத்திருக்கும் இடம் அது. வாங்கிய புதிதில் எல்லாவற்றையும் என் பெயரிட்ட ஃபோல்டரில்தான் போட்டிருந்தேன். அந்தப் பெயர் போனால் அதற்கு எல்லாமே மறந்துபோகும். இது தெரியாமல் இத்தனை வருஷம் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

நல்லவேளை, அந்தக் குறிப்புகளின் பழைய நகல் ஒன்று உள்ளேயே இருந்தது. அதைத் திரும்பப் போட்டதும் திரை வந்தது. கூடவே என் பெயரும் வந்தது.

அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல், "அதை மட்டும் எடுத்துரலாம்ல?" என்றார்.

முடியாது என்று எழுந்து வந்திருக்கலாம். சாயங்காலம் வரை உட்கார்ந்து, ஃபோல்டரிலும் ரிஜிஸ்ட்ரியிலும் என் பெயர் இருந்த இடத்திலெல்லாம் அவர் பெயரைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவர் அழித்தபோது படுத்துவிட்டது. நான் அழித்தேன், ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது.