தம்பியின் பதிவில் அழித்தது

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். காளவாசல் சிக்னலில் வழக்கம்போல் நெரிசல். ஆபீஸ் ஏசி மறுபடி ரிப்பேர்.

குழந்தைகள் ஆஸ்பத்திரி நர்ஸ் செல்வி போன் செய்தார். நாங்கள் எழுதிக் கொடுத்த சாஃப்ட்வேரில் ஒரு சிறுமியின் பென்சிலின் அலர்ஜி காணோமாம். "நானே டைப் பண்ணேன் மேடம். கண்ணால பாத்தேன்."

நம்பவில்லை. சேவ் செய்யாமல் மூடியிருப்பார்.

வாங்க: பால், பல்பு, அம்மாவுக்கு பி.பி. மாத்திரை. பல்பு விட்டுப்போச்சு.

ஜூலை 9, புதன்

நம்பாதது தப்பு.

ஒரே வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்தே வருகிறார்கள். இனிஷியல், விலாசம், போன் எல்லாம் ஒன்று. திரும்பத் திரும்ப டைப் செய்ய முடியாது என்று கவுன்டரில் ஒரு காப்பி பட்டன் கேட்டார்கள். போன மாதம் கொடுத்தோம். அக்காவின் பதிவைக் காப்பி செய்து, பெயர், வயதை மாற்றி, தம்பிக்கு அலர்ஜி இல்லையென்று அதை அழிக்கிறார்கள். அக்காவுடையதும் போய்விடுகிறது.

காரணம்: மேலாக உள்ளதுதான் காப்பி ஆகிறது. உள்ளே அலர்ஜிப் பட்டியல் ஒன்றே ஒன்று. இரண்டு பதிவும் அதையே கைகாட்டுகின்றன. செய்து பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன்.

முதலாளி பாஸ்கரிடம் சொன்னேன்.

"ஒரு வரிதானக்கா? சத்தமில்லாம மாத்திருங்க. அவுககிட்ட ஏன் சொல்லணும்?"

"வரியை மாத்திட்டேன். அழிஞ்சது திரும்ப வராதே."

"வார பிள்ளைக அம்புட்டும் அலர்ஜியோடவா வருது? பயங்காட்டாதீங்கக்கா."

வெளியே வந்து செல்விக்கு போன். திரையில் அலர்ஜி காலி என்றால் நம்பாதீர்கள், தாயிடம் கேளுங்கள் என்றேன்.

"எந்தெந்தப் பிள்ளைக மேடம்?"

காப்பி ஆன வீடுகளைச் சொல்ல முடியும். எதில் என்ன அழிந்தது என்று தெரியாது. பேக்கப்பும் பழையதன் மேலேயே எழுதிக்கொள்வது.

சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

மேகமூட்டம். மழை இல்லை. ஆபீசுக்கு லீவு சொல்லாமலே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். செல்வியும் நானும் கவுன்டரில் உட்கார்ந்து வீடு வீடாக போன். பாதிப் பேர், "லோனு வேணாம்மா, வைங்க."

போனில் ஒத்தக்கடைத் தாய் ஒருவர்: "மூத்தவளுக்கா? பென்சிலின் ஊசி போட்டா உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு முட்டும்னு அன்னைக்கே சொன்னேனே. காய்ச்சல்னு இங்கதான், உங்க மாடியிலதான் படுக்க வச்சிருக்கோம். இந்தா, நர்சு ஊசியோட வாராக. அப்புறம் கூப்பிடவா?"

"வைக்காதீங்க! போனை அவங்ககிட்ட குடுங்க."

"மாடியில, ஊசி போடப் போறாங்க!" என்று செல்வியிடம் கத்தினேன். அவர் படியேறி ஓடினார். போனில் அவர் குரல்: "பொறு, பொறு! அதைக் கீழ வை!"

ஊசி போடவில்லை. மாடி நர்ஸ் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தானாம். திரையைப் பார்த்தாளாம், காலியாக இருந்ததாம். நேற்று சொன்னது அவள்வரை போகவில்லை.

அந்தத் தாய் போனை வைக்க மறந்துவிட்டார். "என்னடி ஆச்சு, ஏன் இப்படி ஓடியாராக?" என்று பிள்ளையிடமே கேட்டுக்கொண்டிருந்தார். நானும் வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு அடுத்த வீடு. கோச்சடை, அண்ணன் தங்கை. ரிங் முழுக்கப் போய் நின்றது. மறுபடி அடித்தேன்.