முழுகுவதில்லை என்று எழுதிய குறிப்பு

பெப்ரவரி 24, செவ்வாய்

காலையிலேயே வெக்கை. அலுவலக மின்விசிறி பழுது.

சசிகலா முழுகாமல் இருக்கிறாளா, குளிக்காமல் இருக்கிறாளா? எனக்குத் தெரியாது. இத்தனை வருட ஆய்வு வேலையில் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை.

விஷயம் இது. சசிகலா, ஜெயபுரம், வயது 37. கலியாணம் முடித்துப் பதினொரு வருடம். எங்கள் குழந்தைப்பேற்று ஆய்வில் சேர்ந்தவள். 6ஆம் தேதி கொழும்பில் கரு வைத்தார்கள், இரண்டாவது தடவை. கருவைத் தாங்கும் குளிசை மாத்திரைகளும் இரத்தப் பரிசோதனையும் நெளுக்குளத்தில், எங்கள் நிலையத்தில். 20ஆம் தேதி இரத்தம் கொடுக்க வரவேண்டியவள் வரவில்லை. கொழும்பு அலுவலகத்து நிலுபா தொலைபேசியில் விசாரித்திருக்கிறாள். அவளுடைய குறிப்பு இன்று வந்தது:

“பங்கேற்பாளர் முழுகாமல் இருப்பதாகக் கூறினார். தினமும் முழுகுமாறு சுகாதார அறிவுரை வழங்கப்பட்டது.”

நிலுபா சிங்களப் பிள்ளை. ஆசைப்பட்டுத் தமிழ் படித்தவள். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ‘முழுகாமல் இருக்கிறா’ என்றால் வயிற்றில் பிள்ளை என்று எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது?

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தாதி றோகினி எட்டிப் பார்த்தாள். “அக்கா சிரிக்கிறா! ஆராவது ஓடி வாங்கோ!”

பிறகு சிரிப்பு நின்றது. யோசித்ததில்:

– பிள்ளை தங்கிவிட்டது என்றே சொல்லியிருக்கலாம்.
– கரு வழுகிவிடும் என்ற பயத்தில் உண்மையாகவே குளிக்காமல் இருக்கலாம். போன மாதம் ஒருத்தி பத்து நாள் தலை நனைக்கவில்லை.
– மாதவிலக்கு வராததை வைத்துச் சொல்லியிருக்கலாம். அது சாட்சியல்ல. நாங்கள் கொடுக்கும் குளிசையே அதைத் தள்ளிப்போடும்.

மூன்றாவதுதான் என்று நினைக்கிறேன். என் குணம் அப்படி.

வெள்ளிக்குள் இரத்த முடிவு வராவிட்டால் ‘தொடர்பு அற்றவர்’ என்று பதிய வேண்டும். கையிலுள்ள குளிசை சனியோடு முடியும். முடிவு பார்க்காமல் மேலும் கொடுக்க அனுமதியில்லை. கரு தங்கியிருந்தால் குளிசை நிற்கவே கூடாது.

மூன்று தரம் அழைத்தேன். நாலாவது தரம் எடுத்து, பேசாமல் துண்டித்தார்கள்.

பெப்ரவரி 25, புதன்

மின்விசிறிக்காரர் வரவில்லை. “நாளைக்கு கட்டாயம் மிஸ்.” நேற்றும் இதுதான்.

சசிகலாவின் கணவர் யோகனின் இலக்கம் பழைய படிவத்தில் அகப்பட்டது. வயலில் நின்றார். அறுவடை மெஷின் இரைச்சல்.

“மிஸ், குறை நினையாதேங்கோ. அம்மா போனைத் தொட விடுறா இல்லை.”

“ஏன்?”

“கொழும்பிலையிருந்து ஒரு பிள்ளை எடுத்து சசியை ஒவ்வொரு நாளும் முழுகட்டாம். அம்மா கொதிச்சுப்போய் நிக்கிறா. முழுகாமல் இருக்கிறவளைப் பாத்து முழுகு எண்டு ஆரும் சொல்லுவினமோ?”

அப்போதுதான் உறைத்தது. மாதாமாதம் விலக்கு வந்து முழுக வேண்டியிருந்ததற்காகப் பதினொரு வருடம் அழுதவளிடம், தினமும் முழுகு என்று சொல்லியிருக்கிறோம். அதுவும் சுகாதார அறிவுரை!

நிலுபாவுக்கு விளக்கினேன். “ஐயோ மிஸ், நான் அவரைச் சபித்துவிட்டேனா?”

“இல்லை, குளிக்கத்தான் சொன்னீர்.”

அவள் சமாதானமாகவில்லை. மன்னிப்பை ஒலிப்பதிவு செய்து அனுப்பியிருக்கிறாள்.

நாளை ஜெயபுரம். றோகினியும் வருகிறாள். வான் வாடகைக்குச் சொல்லியாயிற்று. எடுக்க வேண்டியவை: குளிர்ப்பெட்டி, இரத்தக் குழாய் 3, சம்மதப் படிவம், தொப்பி.

பெப்ரவரி 26, வியாழன்

ஆறு மணிக்குப் புறப்பட்டு, மாங்குளத்தில் திரும்பி, வெள்ளாங்குளம் வழியாக. வீதியில் பாதி நெல் காய்கிறது, மீதிப் பாதியில் நாங்களும் மாடுகளும். தொப்பியை மறந்துவிட்டேன்.

மாமியார் வாசல் படலையைத் திறக்கவில்லை. மெலிந்த மனுசி, குரல் மட்டும் பெரிது.

“நீரோ பிள்ளை முழுகச் சொன்னது?”

“நானில்லை அம்மா. எங்கட ஆக்கள்தான்.”

“நீர் எத்தினை பெத்தனீர்?”

“ஒண்டும் இல்லை.”

“பிறகென்ன?”

றோகினி நிலுபாவின் ஒலிப்பதிவைப் போட்டாள்:

“அம்மா, வணக்கம். நான் தவறான சொல்லைப் பயன்படுத்திவிட்டேன். தங்கள் மருமகள் முழுக வேண்டாம். பத்து மாதமும் முழுகவே வேண்டாம்.”

மாமியார் இன்னொரு தரம் போடச் சொன்னா. “ஆரிது, ரேடியோவில செய்தி வாசிக்கிறவளே?” என்றா. சிரிப்பை அடக்கப் பார்த்தா, முடியவில்லை. படலை திறந்தது.

சசிகலா தலை துவட்டிக்கொண்டு வந்தாள். அப்போதுதான் குளித்திருக்கிறாள். என் பட்டியலில் இரண்டாவது போயிற்று.

மாமியார் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனதும் மெல்லச் சொன்னாள்: “மிஸ், மாமி சண்டை பிடிச்சது எனக்கு வசதியாப் போச்சு. 20ஆம் தேதி நான்தான் வரேல்லை. வீட்டில காய்ச்சல் எண்டு பொய் சொன்னனான்.”

“ஏன் சசிகலா?”

“போனமுறை இரத்தம் குடுத்தன். அடுத்த நாளே இல்லை எண்டுட்டினம். தெரியாமல் இருக்குமட்டும் நான் முழுகாமல்தானே இருக்கிறன்? இன்னும் கொஞ்ச நாள் அப்பிடி இருப்பம் எண்டு நினைச்சன்.”

எந்தப் படிவத்திலும் இதற்குக் கட்டம் இல்லை.

ஒளிக்காமல் சொன்னேன். நாளைக்கும் இல்லை என்று வரலாம், ஓம் என்று வந்தால் சனிக்குப் பிறகும் குளிசை வேண்டும், தெரிந்தால்தான் தரலாம். யோசித்தாள். கையை நீட்டினாள்.

“நரம்பு என்ன வடிவா எழும்பி நிக்குது,” என்றாள் றோகினி. “மாமியைப் போல.”

“எனக்குக் கேக்குது!” குசினிக்குள்ளிருந்து.

புட்டும் மீன்குழம்பும் சாப்பிடாமல் விடவில்லை. பங்கேற்பாளர் வீட்டில் சாப்பிடக்கூடாது என்பது விதி. இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

எதிர்பார்ப்பது என் வேலையல்ல. திரும்பும்போது குளிர்ப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். “பக்கத்துச் சீற் சும்மாதானே கிடக்கு?” என்று றோகினி இரண்டு தரம் கேட்டாள்.

பெப்ரவரி 27, வெள்ளி

மின்விசிறி ஓடுகிறது.

10.40க்கு முடிவு வந்தது. பெயர், பிறந்த தேதி, ஆய்வு இலக்கம் மூன்றையும் இரண்டு தரம் சரிபார்த்தேன். கரு தங்கியிருக்கிறது. ஹோர்மோன் அளவும் நல்லது. ஸ்கான் பார்க்கும்வரை இதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. படிவத்திலும் அப்படியே எழுதினேன். குளிசை கிளிநொச்சி பஸ்ஸில் ஏற்றியாயிற்று. யோகன் போய் எடுப்பார்.

அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். ஒரே வசனத்தில் சொன்னேன். பிறகு கோழி கொக்கரிக்கும் சத்தம். தள்ளி நின்று மாமியார், “என்னவாம்? என்னவாம் பிள்ளை?”

“மிஸ், வைச்சிடாதேங்கோ.”

“இல்லை. சொல்லும்.”

“சொல்ல ஒண்டும் இல்லை. சும்மா லைன்ல இருங்கோ.”

இருந்தேன். வாசலில் நின்ற றோகினி கையால் என்னவென்று கேட்டாள். தலையாட்டினேன். அவள் போட்ட கூச்சலில் வரிசையில் இருந்தவர்கள் எழும்பிவிட்டார்கள்.

“அது றோகினி மிஸ்ஸியோ?” என்று சசிகலா கேட்டாள்.

ஓம் என்றேன். அதற்குப் பிறகுதான் அழுதாள்.