இருட்டில் வைக்காத குப்பி

14 ஜூலை 1998, செவ்வாய்

இன்று ஏகாம்பரத்தின் முகத்தில் விழிக்கவே கூச்சமாக இருந்தது. எங்கள் அணுமின் நிலைய ஆய்வுக்கூடத்துக்கு மாமல்லபுரம் குப்பத்திலிருந்து மீன் தருகிறவர் அவர். நேற்று அவர் தந்த மீனின் சதையில் டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் ஏகத்துக்கும் காட்டியது. மனசு பதறி, மேலதிகாரியைக்கூடக் கேட்காமல் ஓடிப்போய், "இந்த மீனைச் சாப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டேன். பிடித்த மீன் முழுவதையும் அவர் மணலில் புதைத்துவிட்டார்.

தப்பு என்னுடையது. சதையை எரித்து எடுத்த நீரை கதிர்வீச்சு பட்டால் ஒளிரும் திரவத்தோடு ஒரு குப்பியில் கலந்தால், கொஞ்ச நேரம் அது தானாகவே ஒளிவிடும். ஒளிர்வை எண்ணும் கருவி அதையும் டிரிட்டியம் என்றே எண்ணிவிடும். அதனால் குப்பியை ஓர் இரவு இருட்டில் வைக்க வேண்டும். அவசரத்தில் நான் வைக்கவில்லை. இன்று காலை அதே குப்பியை மறுபடி எண்ணினேன். வெறும் தண்ணீருக்கு என்ன வருமோ, அதுதான் வந்தது.

சாயங்காலம் போய்ச் சொன்னேன். ஏகாம்பரம் கோபப்படவில்லை.

"நேத்து சொன்னது நெஜமா, இன்னிக்கி சொல்றது நெஜமா மேடம்?"

"இன்னிக்குச் சொல்றதுதாங்க."

"அப்ப இத்த வூட்டுக்கு எடுத்துக்கினு போங்க" என்று நாலு சங்கரா மீனைப் பையில் போட்டார்.

வறுத்தேன். நான் சாப்பிட்டேன். பாப்பா தட்டை நீட்டியபோது, முள் எடுப்பது போலப் பாவனை செய்துகொண்டே காலையில் வந்த எண்ணை மனசுக்குள் இன்னொரு முறை சரிபார்த்தேன். பிறகுதான் வைத்தேன்.