மாட்டுப்பட்டிக்கு நட்ட பந்தக்கால்

என் அருமை மதினிக்கு,

கும்பிட்டுவிட்டு நல்ல வார்த்தையோடு ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். வரவில்லை. கோபம்தான் முன்னால் வந்து நிற்கிறது. நீங்கள் இருந்தால், "மொதல்ல தேத்தண்ணியக் குடி பத்மா, பொறவு கத்து" என்று சொல்லியிருப்பீர்கள். குடித்துவிட்டேன். இப்போது கத்தப் போகிறேன்.

உங்கள் செவலை மாடு நன்றாக இருக்கிறது, சினையாக இருக்கிறது. அண்ணன் முன்னைவிடக் குறைவாகப் பேசுகிறார். முன்னே மட்டும் என்ன பேசிக் கிழித்தார் என்று கேட்பீர்கள், அதுவும் சரிதான். நான் அதே பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகிற தாய்மார் விட்டுப் போகும் அதே பிள்ளைகளுக்குத் தொட்டில் ஆட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தை உங்கள் வருஷத் திவசத்தன்று நம் லயத்து வரிசை வீட்டு ஆட்கள் முன்னால் வாசிக்கப் போகிறேன். அன்றைக்கு வெளி ஆட்களும் வருவார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய மாட்டுப்பட்டி லயத்தின் பின்பக்கம், நம் வீட்டுச் சுவரை ஒட்டி இருந்தது. தோட்டம் கம்பனி கைக்கு மாறிய பிறகு ஒருநாள் காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டில் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார்கள். லயத்தை ஒட்டி இனி மாடு கட்டக் கூடாது, ஈ மொய்க்கிறது, கான் வாய்க்காலில் சாணித் தண்ணீர் ஓடுகிறது, பட்டியைப் பிரித்து எட்டத்தில் கட்டிக்கொள்ளுங்கள் என்று. நான் தாம்தூம் என்று குதித்தேன். நீங்கள் குதிக்கவில்லை. "அவுங்க சொல்றது நியாயந்தான். பிள்ளைங்க தவழுற எடத்துல சாணி என்னாத்துக்கு?" என்றீர்கள். மதினி, முதலில் நியாயம் பேசியது நீங்கள்தான். இதை எல்லோரும் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இடத்தையும் நீங்கள்தான் பார்த்தீர்கள். லயத்துக்கு மேலே, தேயிலையைக் கைவிட்டு மானாப்புல் மூடிக் கிடந்த மேடு. அதற்கும் மேலே காடு, பக்கத்தில் ஓடை. சிமெண்டுத் தரை எந்தப் பக்கம் சாய வேண்டும், ஓடைக்கு ஒரு சொட்டுக்கூடப் போகாமல் சாணிக்குழி எங்கே வெட்ட வேண்டும் என்று குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினீர்கள். அந்த ஓடைத் தண்ணீர்தான் கீழே நம் பீலியில் விழுகிறது. அதைத்தான் குடிக்கிறோம். காட்டையும் ஓடையையும் காப்பாற்ற வேண்டும் என்று உங்களுக்கு எவன் வந்து பாடம் எடுக்க வேண்டும்?

அந்த மேடு பாதுகாக்கப்பட்ட காட்டின் ஓரத்தில் வருகிறதாம். அனுமதி இல்லாமல் அங்கே ஒரு கம்புகூட ஊன்றக் கூடாதாம். கேட்டால் கொடுக்கப் போகிறார்கள் என்று நாம் நினைத்தோம். அப்படி என்ன கேட்டோம்? நான்கு தூண், மேலே தகரம், கீழே சிமெண்டு. ஒரு மாடு, ஒரு கன்று படுக்க இடம். மனிதர் படுக்கக்கூட இல்லை.

தோட்டத்து ஆபீசில், "அது எங்க எல்லைக்குள்ள இல்ல, காட்டுக்காரங்ககிட்டப் போங்க" என்றார்கள். காட்டு எல்லையைப் பார்க்கும் டவுன் அரசாங்கக் கந்தோரில், அது தோட்டத்துக் காணி, தோட்டத்துத் துரையிடம் கடிதம் வாங்கி வா என்றார்கள். புதன்கிழமை மட்டும்தான் ஆட்களைப் பார்ப்பார்கள். புதன் என்றால் உங்களுக்கு அன்றைய பேர் இல்லை, பேர் இல்லையென்றால் கூலி இல்லை. டவுனுக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி, இறக்கி, ஐ.டி. கார்டு காட்டச் சொல்வார்கள். காட்டிவிட்டு ஏறி, போய்க் கந்தோர் வாங்குப் பலகையில் உட்கார்ந்து, நாளைக்கு வா என்ற பேச்சை வாங்கிக்கொண்டு வருவீர்கள். அந்த மேடு யாருக்குச் சொந்தம் என்று அவர்களுக்குள்ளேயே தெரியவில்லை மதினி. நமக்குச் சொந்தமில்லை என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி.

கந்தோரில் யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர் ஒருவர் இருந்தாரே, மெலிந்த ஆள், எப்போதும் கம்பளி மேற்சட்டையோடு. நாம் பேசுவது தமிழ், அவர் பேசுவதும் தமிழ், பாதி புரியாமல் நீங்கள் இரண்டு பேரும் தலையாட்டுவீர்கள். அவர்தான் கடைசியில் இரக்கப்பட்டு, "மாசியிலை பெரிய ஐயாவைக் கூட்டிக்கொண்டு வாறன் அம்மா, இடத்தைப் பாக்கட்டும்" என்றார். அன்று நீங்கள் வந்து இறங்கிய சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. டவுனில் வாங்கிய பணிஸை லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தீர்கள்.

அப்புறம் தை வந்தது. இங்கேதான் வினை பிடித்தது.

நம் ஆட்கள் கோழிக்கூடு கட்டினாலும் நல்ல நாள் பார்த்து ஒரு கால் நட்டுக் கும்பிடாமல் கட்ட மாட்டார்கள். மண்ணிடம் முதலில் கேட்க வேண்டும், மனிதரிடம் அப்புறம் என்பது நம் வழக்கம். "மாசி வரைக்கும் பொறுங்க மதினி" என்று நான் சொன்னேன். நீங்கள் கேட்டீர்களா? "மாட்டுப் பொங்கல் அன்னிக்கு விட்டா வேற எப்ப? கட்டவா போறோம்? கால் மட்டுந்தானே நடுறோம்" என்றீர்கள். தேயிலைக்கு நிழலுக்கு நிற்கும் முள்முருங்கையில் ஒரு கொம்பை அண்ணன் வெட்டி வந்தார். மஞ்சள் துணி கட்டி, குங்குமம் வைத்து, பொங்கல் படைத்து நட்டோம். செவலைக்கு நெட்டி மாலை போட்டுக் கூட்டி வந்து நிறுத்தினோம். அது மாலையைத் தின்றது. அன்று நீங்கள் சிரித்ததுதான் நான் கடைசியாகப் பார்த்த உங்கள் பெரிய சிரிப்பு.

மாசியில் பெரிய ஐயா வந்தார். ஜீப்பை விட்டு இறங்கி மேட்டில் ஏறினார். சாணிக்குழிக்கு நீங்கள் போட்ட கோட்டைப் பார்க்கவில்லை, ஓடையைப் பார்க்கவில்லை. மஞ்சள் துணி கட்டிய கொம்பை மட்டும் பார்த்தார். "மெதன ஹதன்ன பே" என்றார். இங்கே கட்ட முடியாதாம். எழுதுவினைஞர் முகம் சுருங்கிப் போய் நம்மிடம் சொன்னார்.

"அனுமதி எடுக்க முன்னமே வேலையைத் தொடங்கிப்போட்டியள் எண்டு சொல்லுறார் அம்மா."

"அது வேல இல்லீங்க ஐயா, கும்புட நட்டது" என்றீர்கள் நீங்கள்.

அவர் அதைச் சிங்களத்தில் சொன்னார். பெரிய ஐயா யோசித்துவிட்டு ஏதோ கேட்டார்.

"கும்பிட எண்டால் கோயிலோ எண்டு கேக்கிறார். கோயிலுக்கும் அனுமதி வேணுமாம்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் என் கையைப் பிடித்து அமுக்கினீர்கள். அந்தக் கொம்பை நம் கையாலேயே பிடுங்கி எறிந்தால்தான் மறுபடி விண்ணப்பமே எடுப்போம் என்று சொல்லிவிட்டு ஜீப் போய்விட்டது. நட்ட காலைப் பிடுங்குவதா? தாலி கட்டிய பந்தலில் காலைப் பிடுங்குவது போல் அது. "மாடு மழையில நின்னாலும் நிக்கட்டும், அத மட்டும் என் கையால செய்ய மாட்டேன்" என்றீர்கள். அது அவர்கள் புத்தகத்தில் இல்லாத காரணம். நமக்கு வேறு காரணமே வேண்டியதில்லை.

அப்புறம் மாடு மழையில்தான் நின்றது. புதுப் பட்டிக்கு அனுமதி இல்லை, பழைய பட்டியைப் பிரிக்கக் கொடுத்த தவணை முடிந்துவிட்டது. தோட்டத்தில் மேற்பார்வை செய்யும் கண்டாக்கு ஐயா ஆட்களோடு வந்து நின்று தகரத்தை இறக்கினார். ஆனி மழை. பொலித்தீன் உறையைக் கயிறு கட்டி இழுத்தோம், காற்று அதைக் கிழித்தது. மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய்விட்டு வந்து, நனைந்த சேலையை மாற்றாமல், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நீங்கள் கன்றின் பக்கத்திலேயே நின்றீர்கள். கன்று போனது. இருமல் உங்களுக்கு வந்தது. ஆடியில் நீங்களும் போய்விட்டீர்கள்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சுச் சளி என்று எழுதினார்கள். அவர்கள் எழுதுவதை எழுதட்டும். என்னைக் கேட்டால் நான் வேறு பெயர் சொல்வேன். ஒரு தகரக் கூரைக்கு மனிதரை அலைய விட்டதற்கு என்ன பெயரோ, அந்தப் பெயர்.

இப்போது நீங்கள் பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். நம் மேட்டுக்கு எதிர்ப் பக்கம், அதே காட்டின் அதே ஓரத்தில், மூன்று மாடிக்கு ஒரு ஹோட்டல் எழும்பியிருக்கிறது. முகப்பெல்லாம் கண்ணாடி. வெள்ளைக்காரர் வந்து உட்கார்ந்து காட்டைப் பார்ப்பதற்காம். கட்டும்போது லொறி லொறியாக மண் சரிந்து நம் ஓடையில் விழுந்தது, நம் பீலியில் செம்மண் தண்ணீர் வந்தது. அப்போது எந்த ஜீப்பும் மேடு ஏறவில்லை. பொறுக்க முடியாமல் ஒரு புதன்கிழமை நானே கந்தோருக்குப் போனேன்.

"அவங்களுக்கு மட்டும் எப்புடிங்க குடுத்தீங்க?" என்று எழுதுவினைஞரைக் கேட்டேன்.

"அவையளிட்டைக் காணி உறுதிப் பத்திரம் இருக்கு, பிளான் இருக்கு. உங்களிட்டை என்ன இருக்கு எண்டு கேக்கினம்."

"எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் அந்த மண்ணுக்குள்ளதான் இருக்காங்க. அது போதாதுங்களா?"

அவர் பேனாவை மூடி மூடித் திறந்தார். "எனக்கு விளங்குது அக்கா. கையெழுத்து என்ரை இல்லை" என்றார். உங்களை விசாரித்தார். நீங்கள் போய்விட்டதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னேன். எழுந்து நின்றுவிட்டார் மனிதர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை மதினி, இருக்கிற கோபத்தை அவரிடம் கொட்டி வீணாக்க மனமில்லை.

அண்ணன் செவலையை விற்றுவிடுவதாக முடிவு செய்தார். சினை மாட்டை இன்னொரு ஆனி மழையில் நிறுத்த அவருக்குத் தெம்பு இல்லை. ராகலையிலிருந்து ஆள் வந்து பல்லைப் பார்த்து, வாலைத் தூக்கிப் பார்த்து, வெள்ளிக்கிழமை கூட்டிப் போவதாகப் பேசிவிட்டுப் போனான். நான் சாப்பிடாமல் கிடந்தேன். அண்ணனும் சாப்பிடவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் நோட்டீஸ் வந்தது. மேட்டில் நட்ட கொம்பை உடனே அகற்ற வேண்டும், பார்வையிட வருகிறோம் என்று. ஒரு வருஷமாக நாங்கள் யாருமே அந்த மேட்டுப் பக்கம் போகவில்லை. போனால் உங்களைத்தானே நினைக்க வேண்டும்.

புதன்கிழமை இல்லை, வியாழன். பெரிய ஐயா முன்னால் ஏற, எழுதுவினைஞர் பின்னால் ஏற, கத்தியோடு அண்ணன் ஏற, நானும் ஏறினேன். மேலே போனதும் நாலு பேரும் அப்படியே நின்றோம்.

உங்கள் கால் துளிர்த்திருக்கிறது மதினி. துளிர் என்ன துளிர், கிளை விட்டு என் தலைக்கு மேல் நிற்கிறது. முள்முருங்கையை எங்கே குத்தினாலும் பிடித்துக்கொள்ளும் என்று தேயிலையில் பிறந்து வளர்ந்த நமக்குத் தெரியாதா? அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள். மஞ்சள் துணி வெளுத்து, பட்டைக்குள் பாதி புதைந்து கிடந்தது. அண்ணன் கத்தியைக் கீழே போட்டுவிட்டு மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். என் அண்ணன். நீங்கள் போன அன்றைக்குக்கூட அழாத ஆள்.

பெரிய ஐயா வெட்டச் சொல்லிக் கையைக் காட்டினார். எனக்கு எங்கிருந்து அந்தப் புத்தி வந்ததோ, நீங்கள்தான் கொடுத்திருக்க வேண்டும்.

"வெட்டுறோங்க ஐயா. இந்த ஓரத்துல உசுரு மரம் வெட்ட அனுமதி எங்கங்க எடுக்கணும்? அதையும் சொல்லிட்டுப் போங்க" என்றேன்.

எழுதுவினைஞர் அதைச் சிங்களத்தில் சொன்னார். வேண்டுமென்றே மெதுவாக, ஒரு சொல் விடாமல் சொன்னார் என்று நினைக்கிறேன். பெரிய ஐயா மரத்தைப் பார்த்தார், எதிரே மூன்று மாடியைப் பார்த்தார், கையிலிருந்த பைலை மூடினார். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று இறங்கிப் போனார். இன்னும் சொல்லவில்லை. இறங்கும்போது எழுதுவினைஞர் என் பக்கம் திரும்பி, "மரத்துக்குச் சட்டம் வேறை அக்கா" என்றார்.

மனிதருக்கு இல்லாத சட்டம் ஒரு கொம்புக்கு இருக்கிறது. இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை, வயிறு எரிகிறது. நீங்கள் கேட்டபோது ஒரு வார்த்தை சரி என்று சொல்லியிருந்தால் இந்தச் சாமர்த்தியமெல்லாம் எதற்கு? இது ஜெயம் இல்லை. சிமெண்டுத் தரை இல்லை, சாணிக்குழி இல்லை. கன்று இல்லை. நீங்கள் இல்லை.

வெள்ளிக்கிழமை ராகலை ஆள் கயிற்றோடு வந்தான். அண்ணன் வாயைத் திறந்து, "மாடு விக்கிறதுக்கில்ல" என்றார். இந்த வருஷம் அவர் பேசிய மிகப் பெரிய பேச்சு அதுதான். செவலையை ஓட்டிப் போய் உங்கள் மரத்தில் கட்டினார். கட்டிய கையோடு அது எட்டி ஒரு கொத்துத் தழையைப் பிடுங்கித் தின்றது. வெட்ட அனுமதி இல்லாத மரத்தை அது தினமும் கடிக்கிறது. அதற்கு இன்னும் நோட்டீஸ் வரவில்லை.

மதினி, சத்தியமாகச் சொல்கிறேன். பட்டிக்கு நான்கு கால் வேண்டும், நீங்கள் நட்டது ஒன்று. மிச்சம் மூன்றையும் அதே முள்முருங்கையில் வெட்டி வந்து உங்கள் திவசத்தன்று, இந்தக் கடிதத்தை வாசித்து முடித்த கையோடு, நீங்கள் மண்ணில் போட்ட கணக்குப்படி மஞ்சள் துணி கட்டி நடுவேன். தகரத்துக்கும் சிமெண்டுக்கும் கேட்டு ஒவ்வொரு புதன்கிழமையும் கந்தோர் வாங்கில் போய் உட்காருவேன். அவர்கள் கையெழுத்து வைக்க எத்தனை நாள் எடுத்தாலும் எடுக்கட்டும். அதற்குள் நம் தூண்கள் வளர்ந்துகொண்டிருக்கும்.

உங்களோடு சண்டை பிடித்தே பழகிய, இன்னும் பிடிக்க நிறையச் சண்டை வைத்திருக்கிற,
உங்கள் நாத்தனார்
பத்மா